மருந்தில்லாமல் நிற்கும் வீட்டுத் தோட்டம்: சமநிலை எப்படி வருகிறது?

செம்பருத்தி மொட்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. கடைக்காரர் கொடுத்த மருந்தைத் தெளித்தால் நான்கைந்து நாளில் செடி சுத்தமாகிவிடுகிறது. மூன்றாவது வாரம் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாகப் பூச்சி. மறுபடி தெளிப்பு, மறுபடி பூச்சி. வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் பெரும்பாலோர் இந்தச் சுற்றில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். மருந்து போலியோ என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கும். மாவுப்பூச்சியில் பாதியையும், அதைத் தின்ன வந்திருந்தவை எல்லாவற்றையும் கொன்றிருக்கும், சிக்கலே அதுதான்.

மெழுகுப் பூச்சுக்கு அடியிலும் கணுவின் இடுக்கிலும் ஒளிந்திருந்த மாவுப்பூச்சிகள் பிழைத்துக்கொள்கின்றன. இலைமேல் அலைந்து இரை தேடும் பொறிவண்டும் சிறு குளவியும் தப்புவதில்லை. மிஞ்சிய மாவுப்பூச்சிக்கு இனி எதிரியே கிடையாது.

வீட்டுத் தோட்டத்தை ஒரு சூழலமைப்பாக மீட்பது என்றால், இந்த எதிரிகள் திரும்பி வரவும், வந்தபின் தங்கவும் வழி செய்வது. மட்கு, மூடாக்கு (தரையை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல்), பூச்செடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த ஒரு காரியத்துக்கான ஏற்பாடுகள்.

கோவையில் ஒரு பப்பாளிப் பூச்சி

2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று பரவியது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரி இலை கிடைக்காமல் திண்டாடினார்கள். தெளிக்காத மருந்தில்லை, பூச்சியும் அடங்கவில்லை.

அந்தப் பூச்சிக்கு அதன் சொந்த ஊரில் எதிரிகள் இருந்தன, இங்கே இல்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனம் வழியாகத் தருவிக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைத்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத பூச்சி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று, உப்பிப்போன தோலில் வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். மருந்தால் ஆகாததை அந்தக் குளவி செய்தது.

பப்பாளி மாவுப்பூச்சி இன்றும் நம் ஊரில் இருக்கிறது. ஒரு கிளையில் கொஞ்சம், ஒரு காயில் கொஞ்சம். அது இருப்பதால்தான் குளவியும் இருக்கிறது. சமநிலை என்று சொல்வது இந்த நிலையைத்தான். பூச்சியே இல்லாத தோட்டம் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்திலேயே மனதை மாற்றிக்கொள்வது நல்லது.

எதிரி ஏன் பிந்தி வருகிறது?

வெயில் காலத்தில் ஒரு அசுவினி, அதாவது செடிப்பேன், பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே குட்டி போடத் தொடங்கிவிடும். ஆண் துணைகூடத் தேவையில்லை. பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதோடு, சாப்பிட ஏதாவது இருந்தால்தான் அது அங்கே முட்டையே இடும். ஆக, பூச்சி முதலில் பெருகும், எதிரி பின்னால் வரும். இந்த இடைவெளி எந்தத் தோட்டத்திலும் உண்டு. நன்றாக இருக்கும் தோட்டத்தில் அது பத்து நாள். சிமெண்ட் தரைக்கு நடுவே நான்கு தொட்டி வைத்த வீட்டில் எதிரி வராமலேயே போகலாம்.

தொடங்குபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தட்டைப்பயறுக் கொடியில் அசுவினி கருகருவென்று ஏறியதும் ஐந்தாவது நாள் பொறுமை போய்விடுகிறது. எட்டாவது நாள் பொரித்திருக்க வேண்டிய பொறிவண்டுப் புழுக்கள் முட்டையாக இருக்கும்போதே செத்துப்போகின்றன.

அதனால் முதல் வேலை, யார் யார் என்று அடையாளம் தெரிந்துகொள்வது. நல்ல பூச்சிகளில் பலவற்றின் இளம் பருவம் பார்க்க அருவருப்பாக இருக்கும். மக்கள் அதையே பூச்சி என்று நசுக்குகிறார்கள்.

பொறிவண்டின் புழு சிறு முதலைபோல நீளமாக, கருஞ்சாம்பல் நிறத்தில், மஞ்சள் அல்லது வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். முட்டைகள் மஞ்சளாக, இலையடியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை தலைமுடி போன்ற காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதன் புழுக்களில் சில வகை, தின்ற பூச்சிகளின் தோலையும் குப்பையையும் முதுகில் சுமந்து திரியும்; குப்பை நகர்கிறதே என்று உற்றுப் பார்த்தால் அதுதான். பூவருகே அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழுவுக்குக் காலே கிடையாது. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே அட்டைபோல நெளியும்.

மாவுப்பூச்சி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதைத் தின்னும் பொறிவண்டு வகைகளின் புழுக்களும் வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும், அசப்பில் மாவுப்பூச்சியே. குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: வேகமாக ஓடினால் அது நம் ஆள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்து அவற்றையே தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழுவும் உண்டு. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு முகம் வரைந்து வைத்ததுபோல இருக்கும்.

ரோஜா, காகிதப்பூ இலைகளில் யாரோ கத்தரித்ததுபோல வட்ட வட்டமாக ஓரம் வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூடு கட்ட இலை எடுத்துப் போகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

மண்: இடிபாட்டுக்கு மேல் தோட்டம்

புதிதாகக் கட்டிய வீட்டின் பின்பக்கம் மண் என்று இருப்பதில் பாதி மண்ணாக இருக்காது. உடைந்த செங்கல், சிமெண்ட் கலவை, ஜல்லி, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் பரப்பி, மேலே ஒரு லோடு செம்மண் கொட்டி மட்டம் தட்டியிருப்பார்கள். செடி ஓரடி வேர் விட்டதும் நிற்கும்.

மூன்று சின்னச் சோதனைகள் போதும். முதலாவது, ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி. தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று அங்குலம் என்றால் நல்லது. ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் மண் இறுகிக் கிடக்கிறது, மழைக்காலத்தில் வேர் அழுகும். நான்குக்கு மேல் போனால் மணற்பாங்கு, எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. குழி தோண்டும்போதே இடிபாடு எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி ஒரு நாள் கழித்து. அடுக்குகளின் பருமனே மண்ணின் சேர்மானம்.

மூன்றாவது, காய்ந்த மண்ணில் நான்கு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விடுவது. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். இதைப் பூச்சித் தாக்குதல் என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. சந்தேகமிருந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் அரைக் கிலோ மண் கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இடிபாடு இருந்தால் குறைந்தது மரம் நடும் இடங்களிலாவது இரண்டரை அடி கன சதுரத்துக்குத் தோண்டி எடுத்துவிட வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. மற்ற இடங்களில் மண்ணை உயிர்ப்பிக்க ஒரு பருவம் ஒதுக்குங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மேடைதோறும் சொல்லிப் பரப்பிய பலதானிய விதைப்பு இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். ஒரு சென்ட் நிலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 435 சதுர அடிக்கு, மொத்தம் 250 கிராம் விதை. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், மணப்பயிர் என்று ஐந்து பிரிவிலும் நான்கு நான்கு வகை. கம்பு, சோளம், தினை, சாமை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை. எள், நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, நரிப்பயறு. கடுகு, கொத்தமல்லி, வெந்தயம், சோம்பு. எல்லாம் கிடைக்கவில்லை என்றால் பிரிவுக்கு இரண்டு இருந்தாலும் போதும். ஆமணக்கு விதை நஞ்சு, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடலாம்.

கோடை மழை கிடைத்ததும் அல்லது ஆடியில் விதைத்து, ஐம்பது அறுபது நாளில் பூக்கும்போது வெட்டி அங்கேயே மண்ணில் புரட்டிவிட வேண்டும். விதை முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்க மாதக்கணக்கில் ஆகும். புரட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் எதையும் நடக்கூடாது. பச்சை இலை மட்கும்போது மண் சூடாக இருக்கும், நாற்று தாங்காது.

அதன்பின் காய்கறிப் பாத்தியில் ஒரு அங்குலக் கனத்துக்கு நன்கு மட்கிய உரம். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 235 லிட்டர், சிமெண்ட் சாக்கு அளவில் ஆறேழு சாக்கு வரும். கையில் எடுத்தால் மண் வாசனை அடிக்க வேண்டும். சாண வாசனையோ அழுகிய நாற்றமோ அடித்தால் இன்னும் மட்கவில்லை. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால், அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். மரத்தூள் மேலே கிடக்கலாம், உள்ளே போகக்கூடாது.

யூரியா பற்றி ஒரு வார்த்தை. செடி கரும்பச்சையாக, கொழுகொழுவென்று வந்தால் நமக்கு மகிழ்ச்சி. அசுவினிக்கு இன்னும் மகிழ்ச்சி. தழைச்சத்து மிஞ்சிய கொழுந்தின் சாறில் அதற்குத் தேவையான சத்து கூடுதலாகக் கிடைக்கிறது, இலையும் மென்மையாக இருக்கிறது. பூச்சித் தொல்லை ஓயாத தோட்டங்களில் முதலில் கேட்க வேண்டியது என்ன மருந்து அடித்தீர்கள் என்பதைவிட, என்ன உரம் போட்டீர்கள் என்பது.

மூடாக்கு, அதன் தொல்லைகளோடு

காய்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவது நம் ஊர்க் காலை வழக்கம். அந்த இலைதான் மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் உணவு. சிலந்தி, தரை வண்டு, அரணை, தேரை எல்லாம் பகலில் பதுங்கும் இடமும் அதுவே. எதிரிகள் வந்து தங்க வீடு வேண்டும் என்றால், தோட்டத்தில் பெரும்பாதி வீடு தரையில்தான் இருக்கிறது.

மூன்று நான்கு அங்குலக் கனத்துக்கு இலை, வைக்கோல், நறுக்கிய தென்னோலை எதை வேண்டுமானாலும் பரப்பலாம். இரண்டு மாதத்தில் பாதியாகத் தணியும், மேலே மேலே போட்டு வரவேண்டும். செடியின் தண்டை ஒட்டி மூன்று அங்குலம் விட்டுவிடுங்கள். தண்டில் ஈரம் நின்றால் அடித்தண்டு அழுகும்.

கரையான் வருமே என்பது நியாயமான கேள்வி. வரும். பெரும்பாலும் செத்த மரத்தையும் உலர்ந்த சருகையும்தான் தின்னும். தண்ணீரில்லாமல் வாடும் செடியைத் தொடலாம். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு மூடாக்கு வேண்டாம். மரத்துண்டு, பலகை எதையும் சுவரோரம் அடுக்காதீர்கள். பாம்பு பயமும் அப்படியே. பாம்பு சருகைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. சாப்பாட்டுக் கழிவைத் திறந்த குவியலில் கொட்டாமல் இருந்தால் எலி குறையும். வாசலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் நான்கடி தள்ளித் தரை வெளிப்படையாகத் தெரியும்படி வைத்து, இரவில் டார்ச் இல்லாமல் இறங்காமல் இருந்தால் போதுமானது. எலி விஷம் வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்த எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும், எலி மட்டும் அடுத்த மாதம் திரும்பி வரும்.

ஓரிடத்தில் மட்டும், வெயில் படும் மூலையாகப் பார்த்து ஐந்தாறு சதுர அடி வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். நீலப்பட்டைத் தேனீ போன்ற தனித்து வாழும் தேனீக்கள் மண்ணில் துளையிட்டுக் கூடு வைக்கும். தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் பிடித்து உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது இவைதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

என்ன செடி, எங்கே

மாவுப்பூச்சியைக் கொல்லும் குளவியும் அசுவினியைத் தின்னும் சிர்பிட் ஈயும் வளர்ந்தபின் தேனும் மகரந்தமும் சாப்பிட்டு வாழ்பவை. அவற்றின் வாய் மிகச் சிறியது. பெரிய குழல்பூக்களில் தேன் இருந்தும் பயனில்லை; தட்டையாகத் திறந்த சின்னச் சின்னப் பூ வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, கடுகு, துளசி, புதினா ஆகியவற்றைக் கொஞ்சம் பூக்கவிடுங்கள். கடைசியாகப் பறிக்காமல் விட்ட கொத்தமல்லிப் பாத்தி, கடையில் வாங்கும் எந்தப் பூச்சிவிரட்டியையும்விட அதிக வேலை செய்யும் என்று தாராளமாகச் சொல்லலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு பிடி விதை தூவிக்கொண்டே வந்தால் ஆண்டில் பெரும்பகுதி ஏதாவது ஒன்று பூத்திருக்கும்.

வேலியோரத்தில் தட்டைப்பயறு. இதில் அசுவினி கட்டாயம் வரும். வரட்டும். பொறிவண்டு பெருகும் இடம் அது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆபத்து வரும்போது அங்கிருந்து ஆள் கிளம்பும். அந்த வரிசையில் மட்டும் எக்காரணம் கொண்டும் எதையும் தெளிக்காதீர்கள். தக்காளிக்கு நடுவே ஆறேழு செடிக்கு ஒன்று செண்டுமல்லி வைத்தால் காய்த்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட அதைத் தேடிப் போகும். மொட்டுகளை வாரம் ஒருமுறை பார்த்துப் புழுவை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நாமே புழுப் பண்ணை நடத்துவதாகிவிடும்.

செம்பருத்தியில் அடுக்கு வகையைவிட ஒற்றை வகையே தேன்சிட்டுக்கும் தேனீக்கும் பயன்படும். அடுக்குப் பூவில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். நாற்றுப் பண்ணையில் கண்ணைப் பறிக்கும் பல அலங்காரச் செடிகள் பூச்சிகளுக்கு வெறும் காகிதத்தில் செய்த பூ மாதிரிதான்.

வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் புழுவுக்கும் இலை வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்கு உணவு, எருக்கு வெந்தயவரியனுக்கு, சரக்கொன்றையும் ஆவாரையும் வெள்ளையன் வகைகளுக்கு. கறிவேப்பிலைக் கன்றை நான்கு புழு மொட்டையடித்துவிடும், உண்மைதான். இரண்டு செடி வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புழுவை மாற்றிவிட்டால் சமையலுக்கும் இலை மிஞ்சும்.

சுற்றிலும் சுவருக்குப் பதில், அல்லது சுவரை ஒட்டி, உயிர்வேலி. நொச்சி, ஆடாதொடை, மருதாணி மூன்றும் ஆடு மாடு அதிகம் தொடாதவை, குச்சி நட்டாலே துளிர்ப்பவை. ஓரடி இடைவெளியில் நட்டு இரண்டு ஆண்டு கவாத்து செய்து வந்தால் அடர்ந்துவிடும். தையல்சிட்டும் தவிட்டுக் குருவியும் புழு பொறுக்க வருவது இந்த மறைவிருந்தால்தான். உயரத்துக்கு முருங்கை, சீத்தா, கொய்யா; நடுவே பப்பாளி, வாழை. இரண்டு சென்ட் இடத்தில் நான்கு மரத்துக்கு மேல் நட்டால் ஐந்தாவது ஆண்டில் நிழல் மட்டும்தான் விளையும்.

கொரியன் புல்தரை தேவையா? தண்ணீரும் வெட்டும் வேலையும் கேட்கும், பதிலுக்கு ஒரு பூவும் தராது. நடக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பொடுதலைக்கு விடலாம். தரையோடு படரும், மிதியும் தாங்கும், பூவுக்குச் சிறு தேனீ மொய்க்கும். களைகளிலும் எல்லாம் களை கிடையாது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், உண்ணிச்செடியை வளரவே விடக்கூடாது. வெட்டுக்காயப்பூண்டு ஓரமாக நாலு இடத்தில் நிற்கட்டும். மழையில்லாத மாதங்களிலும் அது பூக்கும்.

தண்ணீர்

அகலமான மண்சட்டியில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் தேனீ உட்கார இரண்டு கல். இவ்வளவுதான். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உள்பக்கத்தை நாரால் தேய்க்க வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

அல்லித் தொட்டி வைப்பதானால் 100 லிட்டராவது கொள்ளளவு வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். தும்பியும் தட்டானும் முட்டையிட வரும். மீன் விட்டால் கொசுப்புழு குறையும், தட்டானின் குஞ்சும் குறையும். கப்பி மீன் விட்டவர்கள் தொட்டி நிரம்பினால் அதை ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடக்கூடாது. அங்குள்ள நாட்டு மீனுக்கு ஆபத்து. சமையலறைக் கழிவுநீரைக் கல்வாழை, சேம்பு, வாழைப் பக்கம் திருப்பலாம். துணி துவைத்த நீரில் சோடியம் அதிகம், தொடர்ந்து விட்டால் மண் இறுகும்.

எறும்பைக் கவனியுங்கள்

எல்லாம் செய்தும் ஒரு செடியில் மட்டும் மாவுப்பூச்சி அடங்கவில்லை என்றால் தண்டில் எறும்பு வரிசை இருக்கிறதா பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது, பொறிவண்டுப் புழுவைக் கடித்து விரட்டுகிறது. எறும்பை நிறுத்தினால் எதிரிகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தண்டைச் சுற்றி நான்கு அங்குல அகலத்துக்குத் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, அதன்மேல் கிரீஸ் பூச வேண்டும். கிரீஸை நேராகப் பட்டையில் பூசினால் பட்டை வெந்துவிடும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளை ஒன்றிருந்தாலும் எறும்பு அந்த வழியாக வரும், அதையும் கழித்துவிடுங்கள். தூசி படிந்தால் கிரீஸ் பயனில்லை, பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டியிருக்கும்.

தெளிப்பதென்றால்

வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் எல்லாம் இயற்கையானவைதானே என்று வாரந்தோறும் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். மென்மையான உடல்கொண்ட எந்தப் பூச்சியையும் இவை பாதிக்கும், சிர்பிட் புழுவும் அதில் அடக்கம். அட்டவணை போட்டுத் தெளிக்கும் வேப்பெண்ணெயும் சமநிலையைக் கெடுக்கும்.

வாரம் ஒருநாள் காலையில் ஒவ்வொரு பயிரிலும் பத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி இருந்து, கூடவே மேலே சொன்ன முட்டையோ புழுவோ துளையிட்ட மாவுப்பூச்சித் தோலோ தெரிந்தால் அடுத்த வாரம்வரை ஒன்றும் செய்ய வேண்டாம். எதிரி எதுவும் கண்ணில் படவில்லை, கொழுந்து சுருள்கிறது என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். அசுவினி விழுந்தால் பெரும்பாலும் திரும்ப ஏறாது. முற்றிய மாவுப்பூச்சிக் கிளையை வெட்டி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அப்படியே தரையில் போட்டால் தானே நடந்து ஏறும். இதற்கும் அடங்காவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, மாலை நேரத்தில், பாதித்த கிளையில் மட்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியில் வெள்ளை ஈயோடு நல்ல குளவியும் ஒட்டும் என்பதால் நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டாம்.

தென்னையில் 2016 முதல் பொள்ளாச்சிப் பக்கம் தொடங்கிய சுருள் வெள்ளை ஈக்கும் இதே அணுகுமுறைதான். ஓலை கறுத்துப்போவதைப் பார்த்துப் பயந்து மருந்தடித்தால் அதன் ஒட்டுண்ணிக் குளவி செத்துவிடும். லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கரைத்து ஓலையில் தெளித்தால் கரும்பூசணம் காய்ந்து உரிந்து விழும்.

காத்திருக்கக் கூடாதவை

எல்லாவற்றுக்கும் எதிரி வந்துவிடாது. ஆப்பிரிக்க ராட்சத நத்தை மழைக்காலத்தில் பெருகினால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மாலையில் ஈரச் சாக்கை விரித்து அடியில் முட்டைகோஸ் இலையோ பப்பாளித் தண்டோ வைத்தால் இரவில் கூடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசலில் போட வேண்டும். வெறும் கையால் தொடக்கூடாது, மனிதருக்கு நோய் தரும் புழு அதில் இருக்கலாம்.

தென்னைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு பெரும்பாலும் நாம் கட்டிய மட்குக் குழியிலேயே பிறக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலைப் புரட்டி, சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுவை எடுத்துக் கோழிக்கோ காகத்துக்கோ போடுங்கள். தென்னை இருக்கும் வீட்டில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வாயகன்ற பானையில் வைத்தால் வண்டு தேடிவந்து விழும்.

பழ ஈக்கு, வாசனையால் இழுத்துப் பிடிக்கும் பொறி வைக்கலாம்: கொய்யா, மா இருந்தால் மீத்தைல் யூஜினால் பொறி, பாகல், புடல், பீர்க்கு இருந்தால் கியூலூர் பொறி, ஒவ்வொன்று போதும். ஆண் ஈ மட்டுமே சிக்கும். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுவதுதான் பாதி வேலை. மட்குக் குழியில் போட்டால் அங்கிருந்தே ஈ பறக்கும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி அழித்துவிட வேண்டும்.

எப்போது தெரியும்?

மருந்தை நிறுத்திய முதல் ஆறு மாதம் நிலைமை மோசமாகவே தெரியும். எதிரிகள் வரவில்லை, பூச்சிக்குத் தடையுமில்லை. அந்தப் பருவத்தில் மாவுப்பூச்சி எளிதில் ஏறும் வெண்டை, கத்தரி, செம்பருத்தியைக் குறைத்து, கீரை, அவரை, சேனை, மஞ்சள் என்று வைத்தால் மனம் தளராது. இரண்டாவது மழைக்காலத்துக்குள் மூடாக்கைக் கிளறினால் மண்புழு தென்படும், அசுவினிக் கூட்டத்துக்குள் பொறிவண்டுப் புழுவைத் தேடாமலே பார்க்கலாம். ஓணானும் சிலந்தி வலைகளும் கூடியிருக்கும். காலையில் வலை முகத்தில் ஒட்டுகிறது என்று வீட்டில் புகார் வரும்.

பக்கத்து மனைக்காரர் மருந்தடித்தாலோ தெருவில் கொசுப்புகை போட்டாலோ எண்ணிக்கை மறுபடி சரியும். அப்படி நடந்தால் அடுத்த மூன்று நான்கு வாரம் அசுவினி ஏறும், பழைய இடைவெளிதான். அந்த நாட்களில் தண்ணீர் பீய்ச்சலோடு நிறுத்திக்கொண்டு, தட்டைப்பயறு வரிசையைத் தொடாமல் வைத்திருங்கள். உயிர்வேலிக்குள்ளும் சருகுக்கு அடியிலும் தப்பியவை அங்கிருந்துதான் திரும்பப் பெருகும்.